வெளிக்கோடு: மாதங்கி அருள்பிரகாசத்தின் ஓவியங்களை முன்வைத்து

ஆவடியில் வளர்ந்தவர்களுக்கு டாங்கி ஓர் அதிசயப் பொருளல்ல. என் தந்தையார் கனரக வாகனத் தொழிற்சாலையில் பணியாற்றியவர். 1965இல் தொடங்கப்பட்ட அந்த ஆலையைப் பெயர் சொல்லி யாரும் அழைத்ததில்லை. எங்களுக்கு அது ‘டாங்கி பேக்டரி’. விஜயந்தா என்பது எங்கள் வீட்டில் ஒரு போர்க்கருவியின் பெயராக அல்ல, மிகைநேரப் படியின் பெயராக, தீபாவளி போனஸின் பெயராக, சைக்கிளில் அப்பா தாமதமாகத் திரும்பும் இரவுகளின் பெயராக இருந்தது. ஒரு ஆயுத பூசையன்று அவர் என்னை உள்ளே அழைத்துச் சென்றார். சந்தனமும் குங்குமமும் பூசி, வாழைக்கன்று கட்டி, முன்னால் பூசணிக்காய் உடைத்திருந்த டாங்கியைத் தொட்டுப் பார்த்தேன். கோயில் யானையைத் தொடுவது போலிருந்தது. அதைவிட அதிகமாக என்னைக் கவர்ந்தவை மூலையில் அடுக்கியிருந்த மரப்பெட்டிகள். எண்களும் ஆங்கில எழுத்துகளும் கறுப்பு மையில் எல்லாப் பெட்டிகளிலும் ஒன்று போலவே பதிந்திருந்தன. தகட்டில் எழுத்தை வெட்டியெடுத்து, பெட்டியின் மேல் வைத்துச் சாயத்தை ஒற்றி எடுப்பார்கள் என்று அப்பா விளக்கினார். ஸ்டென்சில் என்ற சொல்லை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

பல ஆண்டுகள் கழித்து நண்பர் ஒருவரின் வீட்டில் ஓர் இசைத்தட்டின் உறையைப் பார்த்தபோது அந்த மரப்பெட்டிகள் நினைவுக்கு வந்தன. நடுவே ஒரு பெண்ணின் முகம். சுற்றிலும் வரிசை வரிசையாக டாங்கிகள், துணிக்கடையில் விரித்துப் போட்ட சீட்டித் துணியின் பூக்களைப் போல. உறையின் மேல் ‘அருளர்’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. ஒரு ஈழத்துப் பெயரையும் டாங்கியையும் அத்தனை பளபளப்பான வண்ணத்தில் ஒன்றாகப் பார்த்ததில் முதலில் எனக்கு ஏற்பட்டது எரிச்சல்தான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கட்டுரை அந்த எரிச்சல் எவ்வளவு தூரம் சரி, எவ்வளவு தூரம் தவறு என்பதைப் பற்றியது.

எம்.ஐ.ஏ. என்ற பெயரில் உலகம் அறிந்த பாடகி மாதங்கி அருள்பிரகாசத்தைப் பற்றிப் பெரும்பாலான வாசகர்கள் அறிந்திருப்பார்கள். 2005இல் ‘அருளர்’, 2007இல் ‘கலா’ என்று தந்தை பெயரிலும் தாய் பெயரிலும் இசைத்தொகுப்புகள் வெளியிட்டவர். ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்தில் ஏ.ஆர். ரஹ்மானோடு சேர்ந்து செய்த பாடலுக்காக ஆஸ்கர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டவர். ஆனால் அவர் பாட வருவதற்கு முன்னால் ஓவியராக இருந்தார் என்பதை நம்மிடையே பேசுவோர் குறைவு. லண்டனின் சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரியில் திரைப்படம் பயின்று 2000இல் வெளிவந்தவர், மறு ஆண்டே போர்ட்டபெல்லோ சாலையில் ஒரு கடையில் தம் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தார். தெருச்சுவர் ஓவியங்களின் பாணியில், அட்டையை வெட்டி வைத்துத் தெளிப்பு வண்ணம் அடித்த படங்கள் அவை. புலிகள், பனைகள், துப்பாக்கிகள். அவற்றோடு கலந்து லண்டன் வாழ்க்கையின் காட்சிகள். ஹாலிவுட் நடிகர் ஜூட் லா உட்படப் பலர் வாங்கிச் சென்றனர். 2002இல் படங்கள் ஒரு சிறு நூலாக வந்தன. பின்னர் 2012இல் பெரிய நூலொன்றும் வந்தது. காணாமற்போன உறவினர் ஒருவரின் நினைவையும், தாம் வாழ்ந்த ஆக்டன் பகுதியின் பெயரையும் சேர்த்துத் தமக்கு அவர் சூட்டிக்கொண்ட பெயர்தான் எம்.ஐ.ஏ.

இலக்கிய வாசகருக்கு இன்னொரு நுழைவாயிலும் உண்டு. ‘லங்கா ராணி’ என்ற ஈழத்து நாவலைப் படித்தவர்கள் நம்மில் இருக்கக்கூடும். 1977ஆம் ஆண்டுக் கலவரத்தில் தெற்கிலிருந்து துரத்தப்பட்ட தமிழர்களைக் கொழும்பிலிருந்து காங்கேசன்துறைக்கு ஏற்றிச் சென்ற கப்பலைப் பற்றியது அது. அதன் ஆசிரியர் அருளர், மாதங்கியின் தந்தை. 1975இல் லண்டனில் உருவான ஈரோஸ் அமைப்பின் நிறுவனர்களில் ஒருவர், 2019இல் காலமானார். மேலை நாட்டுப் பத்திரிகைகள் பலவும் அவரை விடுதலைப் புலி என்றே எழுதித் தள்ளின. ஈழத்து இயக்கங்களுக்கிடையே இருந்த வேறுபாடுகள், அவற்றுக்காகச் சிந்திய இரத்தம் எதுவும் அந்தப் பத்திரிகையாளர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. நமக்குத் தெரியும். ஆகவே தந்தை எழுதிய அகதிக் கப்பலிலிருந்து மகள் வரைந்த டாங்கி வரை ஒரு கோடு இழுத்துப் பார்க்கும் கடமையும் நமக்கே அதிகம் என்று எண்ணுகிறேன்.

1975 ஜூலையில் லண்டனின் ஹவுன்ஸ்லோவில் பிறந்த குழந்தை, ஆறு மாதத்தில் யாழ்ப்பாணத்துக்குக் கொண்டு செல்லப்படுகிறது. தந்தை தலைமறைவு இயக்கத்தில். வீட்டுக்கு அவர் வருவது அபூர்வம். வந்தாலும் பிள்ளைகளுக்கு அவர் தந்தையாக அல்ல, ஒரு மாமாவாகவே அறிமுகப்படுத்தப்பட்டார். பிள்ளைகள் வாய் தவறிச் சொல்லிவிட்டால் ஆபத்து. பிறகு தாய் மூன்று பிள்ளைகளோடு சென்னைக்கு வருகிறார். இங்கே ஓர் இடிபாடான வீட்டில் சில காலம் வறுமையில் கழிகிறது. மீண்டும் யாழ்ப்பாணம். இறுதியாக 1986இல், மாதங்கிக்குப் பதினொரு வயது நிறையும் தறுவாயில், குடும்பம் லண்டன் திரும்புகிறது. பிறந்த ஊருக்கே அகதியாகத் திரும்புதல் எத்தனை பேருக்கு வாய்க்கும்! தென் லண்டன் மிச்சமில் அரசுக் குடியிருப்பு. ஆங்கிலமே அங்கு போய்த்தான் கற்றார்.

இந்தக் காலக்கணக்கை நான் இவ்வளவு நுணுக்கமாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. அவர் யாழ்ப்பாணத்தில் இருந்த ஆண்டுகளில் இலங்கை இராணுவத்திடம் இருந்தவை சக்கரம் பூட்டிய கவச வண்டிகள். டாங்கிகள் அதன் கைக்கு வந்தது தொண்ணூறுகளில். இந்திய அமைதிப்படை டாங்கிகளோடு யாழ் நகருக்குள் நுழைந்தது 1987 அக்டோபரில். அப்போது மாதங்கி லண்டன் பள்ளியொன்றில் படித்துக்கொண்டிருந்தார். அப்படியானால் அவர் ஓவியங்களில் வரிசை கட்டி நிற்கும் டாங்கி, பிள்ளைப் பருவத்தில் ஒழுங்கை முனையில் கண்ட டாங்கியாக இருக்க வழியில்லை. தொலைக்காட்சியிலோ செய்தித்தாளிலோ கண்டதாக இருக்கவேண்டும். பொம்மைக் கடையில் கண்டதாகவும் இருக்கலாம்.

இதை ஒரு குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. அவருடைய கலையின் திறவுகோல் இதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். போருக்குள் பத்து வயது வரை இருந்த பிள்ளைக்குப் போரைப் பற்றி என்ன தெரியும்? சத்தம் தெரியும். பெரியவர்கள் திடீரெனப் பேச்சை நிறுத்துவது தெரியும். மாமா என்று சொல்லப்படும் ஒருவர் இரவில் வந்து விடியுமுன் போவது தெரியும். யார் யாரை எதற்காகக் கொல்கிறார்கள் என்பது தெரியாது. விளக்கிச் சொல்ல வேண்டியவரே வீட்டில் இல்லை. பொருளின் வெளிக்கோடு மட்டும் கிடைத்து உட்புறம் வெறுமையாக விடப்பட்ட அறிவு அது. ஸ்டென்சில் என்பதும் அதுதான். உள்ளே இருப்பதை வெட்டியெறிந்துவிட்டு விளிம்பை மட்டும் வைத்துக்கொள்வது. பின்னர் அந்த ஓட்டையை எந்த வண்ணத்தால் வேண்டுமானாலும் நிரப்பலாம். இளஞ்சிவப்பால் நிரப்பினால் டாங்கி இளஞ்சிவப்பாகிறது.

இன்னொன்றும் உண்டு. நம் ஊரில் ஸ்டென்சிலின் இடம் தேர்தல் காலத்துச் சுவர். வெள்ளையடித்து இடம் பிடித்து, தகடு வைத்துக் கட்சிச் சின்னத்தைப் பதித்துக்கொண்டே போவார்கள். அம்பத்தூர் தொழிற்பேட்டை மதில்களில் ஒரே சின்னம் பத்தடிக்கு ஒன்றாக நெடுந்தூரம் ஓடியதைப் பார்த்திருக்கிறேன். யாழ்ப்பாணத்துச் சுவர்களிலும் இயக்கங்கள் தம் முத்திரைகளையும் முழக்கங்களையும் எழுதிய காலத்தில்தான் மாதங்கியின் பிள்ளைப் பருவம் கழிந்தது. லண்டனில் அவருக்குக் கிடைத்த தெரு ஓவிய முறையும் இதுவாகவே இருந்ததால், மேலைக் கலை விமரிசகர்கள் அவரை அந்த மரபில் வைத்து எளிதாக முடித்துவிட்டார்கள். தமிழ்ச் சுவரை அவர்கள் பார்த்ததில்லை. ஆயுதப் பெட்டிக்கு எண் குத்தவும் கட்சிக்குச் சின்னம் குத்தவும் பயன்படும் கருவியை எடுத்து, அதே ஆயுதத்தையும் அதே சின்னத்தையும் வரைகிறார் ஒருவர். அது லண்டன் நாகரிகத்தின் குறும்பு மட்டுமல்ல.

இனி அவர்மீதான குற்றச்சாட்டுகளுக்கு வருவோம். வன்முறையை அழகுப்படுத்துகிறார், பயங்கரவாதச் சின்னங்களை விற்பனைப் பொருளாக்குகிறார் என்று பல ஆண்டுகளாகச் சொல்லப்பட்டு வந்தது. 2009இல் வன்னியில் பேரழிவு நடந்துகொண்டிருந்த மாதங்களில் அமெரிக்கத் தொலைக்காட்சிகளில் அதைப் பற்றி வாய் திறந்த மிகச் சில பிரபலங்களில் அவரும் ஒருவர். அப்போது இந்தக் குற்றச்சாட்டு இன்னும் உரக்க ஒலித்தது. மறுபக்கம், புலம்பெயர் தமிழரில் ஒரு பகுதியினர் புலி உருவத்தைக் கண்ட மகிழ்ச்சியில் படத்தைப் பார்க்கவே மறந்துபோனார்கள். இரு தரப்பும் ஒரே தவற்றைச் செய்வதாக எனக்குப் படுகிறது. இருவரும் அந்தப் படங்களை அறிக்கைகளாக வாசிக்கிறார்கள். இவை என்ன சொல்கின்றன என்று கேட்கிறார்கள். ஏன் ஒரே உருவம் திரும்பத் திரும்ப வருகிறது என்று கேட்பதில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்க வேறொரு ஓவியரைத் துணைக்கு அழைக்க விரும்புகிறேன். சாமுவேல் பாக், 1933இல் வில்னா நகரில் பிறந்த யூதர். நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த கெட்டோவில், ஒன்பது வயதில் அவருடைய ஓவியங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. கவிஞர் சுட்ஸ்கேவரும் அவருடைய நண்பரும், பாதுகாப்புக்காகத் தம்மிடம் இருந்த யூதச் சமூகத்தின் பழம் பதிவேடு ஒன்றைச் சிறுவனிடம் தந்து, அதன் வெற்றுப் பக்கங்களில் வரையச் சொன்னார்கள். காகிதம் இல்லாத காலம். பின்னர் உழைப்பு முகாமிலிருந்து தந்தை அவரை மரத்தூள் சாக்கில் மறைத்து வெளியேற்றினார். 1944 ஜூலையில் சோவியத் படைகள் நகருக்குள் வருவதற்குச் சில நாட்களுக்கு முன் அந்தத் தந்தை சுட்டுக் கொல்லப்பட்டார். மகன் ஜெர்மனியில் அகதி முகாம், 1948இல் இஸ்ரேல், பாரீஸ், ரோம் என்று அலைந்து 1993இல் அமெரிக்காவில் குடியேறினார்.

பாக்கின் ஓவியங்களிலும் ஒரே உருவம் திரும்பத் திரும்ப வருகிறது. வார்சா கெட்டோவில் 1943இல் எடுக்கப்பட்ட புகைப்படத்தில் கைகளை உயர்த்தி நிற்கும் தொப்பிச் சிறுவனை அனைவரும் பார்த்திருப்போம். அந்தச் சிறுவனைப் பாக் பல பத்துப் படங்களில் வரைந்தார். ஒன்றில் அவன் மரப்பலகைகளை ஆணியடித்துச் செய்த உருவம், மற்றொன்றில் கல். இன்னொன்றில் சிறுவனே இல்லை, அவனுடைய வெளிக்கோடு மட்டும் இருக்கிறது. கிட்டத்தட்ட தானும் அந்த வயதில் அந்த இடத்தில் நின்றவர் என்பதால் எந்தப் படமும் அவருக்கு முடிவதில்லை போலும். ஆனால் ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று மாறுகிறது. திரும்பச் செய்தல் அங்கே ஒரு விசாரணையாக நடக்கிறது.

மாதங்கியின் தொடக்ககாலப் படங்களிலும் அந்த விசாரணையின் தொடக்கம் இருந்தது. பனைமரமும் புலியும் லண்டன் நடைபாதையும் ஒரே பலகையில் இடித்துக்கொண்டு நின்றபோது, இரண்டு ஊர்களில் எதுவும் தனக்கு முழுதாகச் சொந்தமில்லாத ஒரு பெண்ணின் தவிப்பு அவற்றில் தெரிந்தது. வண்ணங்களின் கூச்சலும் அதன் பகுதிதான். சாம்பல் நிற மிச்சமில் ஒரு பதினொரு வயதுச் சிறுமி யாழ்ப்பாணத்து வெயிலை எதைக்கொண்டு வரைவாள்? எனக்கு ஏற்பட்ட முதல் எரிச்சல் இந்த இடத்தில் தவறு என்று இப்போது எண்ணுகிறேன். பழுப்பும் கறுப்பும்தான் துயரத்தின் வண்ணங்கள் என்பது நம் சிறுபத்திரிகை அட்டைகளிலிருந்து நாம் பழகிக்கொண்டது.

ஆனால் எரிச்சலின் ஒரு பகுதி இன்னும் மிஞ்சியிருக்கிறது. ஸ்டென்சிலின் தகடு மாறுவதில்லை. நூறாவது டாங்கி முதல் டாங்கியைப் போலவேதான் இருக்கும். வண்ணம் வேறுபடும், அவ்வளவே. 2009க்குப் பிறகு, முள்ளிவாய்க்காலுக்குப் பிறகு, பத்து வயதுப் பிள்ளையின் வெளிக்கோடு போதாமற்போயிற்று என்பது என் எண்ணம். உட்புறத்தை நிரப்ப வேண்டிய செய்திகளும் பெயர்களும் சாட்சியங்களும் அப்போது கிடைத்துக்கொண்டிருந்தன. அவர் அவற்றைப் பேட்டிகளில் பேசினார், காணொளிகளில் பேசினார், துணிச்சலாகவே பேசினார். ஓவியத்துக்குள் அவை வந்து சேரவில்லை. இசை அவரை எடுத்துக்கொண்டுவிட்டது, உலகப் பயணங்கள் எடுத்துக்கொண்டுவிட்டன. ஓவியம் இசைத்தட்டின் உறையாகவும் உடையின் அச்சாகவும் மேடையின் பின்திரையாகவும் சுருங்கியது. உறை என்பது திரும்பத் திரும்ப அச்சாவது. விசாரிக்க அங்கு இடமில்லை. பாக்குக்குக் கிடைத்த அறுபது எழுபது ஆண்டு மௌனமான உழைப்பு இவருக்குக் கிடைக்கவில்லை என்று சொல்லலாம். அவரே தேடிக்கொள்ளவில்லை என்றும் சொல்லலாம். ஒரு வேடிக்கை: அவரை இசைப்பக்கம் திருப்பியதில் பெரும் பங்கு வகித்த இலாஸ்டிகா குழுவின் ஜஸ்டீன் ஃப்ரிஷ்மன், பின்னாளில் இசையை விட்டு முழுநேர ஓவியராகிவிட்டார்.

இடையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்தக் கதையில் எல்லோரும் தந்தையைப் பற்றியே பேசுகிறார்கள். நானும் அதையே செய்துவிட்டேன். பிள்ளைகளை யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்கும், சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கும், அங்கிருந்து லண்டனுக்கும் கொண்டு சேர்த்தவர் தாய் கலா. லண்டனில் தையல் வேலை செய்து குடும்பத்தைக் காப்பாற்றினார். பிரித்தானிய அரசு 2019இல் மாதங்கிக்கு எம்.பி.இ. பட்டம் அறிவித்தபோது, இத்தகைய பதக்கங்களுக்கான நாடாக்களைத் தாய் பல ஆண்டுகள் கையால் தைத்தவர் என்பதை மகள் நினைவுகூர்ந்தார். ஒரே வடிவத்தை ஆயிரம் முறை தைத்த அந்தக் கைகளிலிருந்து மகளின் கைக்கு ஏதேனும் வந்திருக்குமா என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. கேட்டிருக்கலாம்.

இவ்வளவும் எழுதக் காரணம் லண்டன் அல்ல, எங்கள் சுற்றுவட்டாரம். தொண்ணூறுகளில் பூவிருந்தவல்லியில் ‘சிறப்பு முகாம்’ என்ற பெயரில் ஈழத்தமிழர்கள் அடைத்துவைக்கப்பட்டார்கள். ராஜீவ் கொலை வழக்கில் 26 பேருக்குத் தூக்குத்தண்டனை விதிக்கப்பட்டதும் அதே ஊரில்தான், 1998 ஜனவரியில். பேருந்தில் அந்தப் பக்கம் போகையில் யாரும் திரும்பிப் பார்த்ததில்லை, நானும்தான். அம்பத்தூரிலிருந்து சற்று தூரத்தில் புழலிலும், வடக்கே கும்மிடிப்பூண்டியிலும் அகதி முகாம்கள். 2021இல் அரசு அவற்றுக்கு இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் என்று பெயர் மாற்றியது. அங்குள்ள பிள்ளைகளில் பலர் தமிழ்நாட்டிலேயே பிறந்தவர்கள். பெற்றோரும் இங்கேயே பிறந்த குடும்பங்கள் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் அந்தப் பக்கத்துப் பள்ளி ஒன்றில், முகாம் பிள்ளைகளும் ஊர்ப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் பள்ளி அது, ஓர் ஓவியப் போட்டிக்கு நடுவர்களில் ஒருவனாகப் போயிருந்தேன். தலைப்பு வைக்க வேண்டாம், விரும்பியதை வரையட்டும் என்று ஆசிரியரிடம் வற்புறுத்தியவன் நானே. மாதங்கியையும் பாக்கையும் படித்துவிட்டுப் போயிருந்தேன் அல்லவா! முகாமிலிருந்து வரும் பிள்ளைகளின் தாள்களில் கடலும் படகும் விமானமும் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தவை இரண்டு மலை, நடுவில் சூரியன், ஓர் ஆறு, ஆற்றங்கரையில் குடிசை, ஒரு தென்னை, வானத்தில் நான்கு பறவைகள். ஊர்ப் பிள்ளைகள் வரைந்ததும் அதையேதான். நானும் ஆவடிப் பள்ளியில் அதைத்தான் வரைந்தேன். நாடெங்கும் பள்ளிப் பிள்ளைகள் கையில் ஏதோ ஒரு தகட்டைக் கொடுத்துவிட்டது போல.

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஏமாற்றத்தை உணர்ந்த மறுகணமே கூச்சமாகவும் இருந்தது. அந்தப் பிள்ளைகள் போரைக் கண்டவர்கள் அல்லர். கண்ட தாத்தா பாட்டி சொல்லியிருக்கலாம், சொல்லாமலும் இருந்திருக்கலாம். அகதி என்ற சொல் அவர்களுடைய அட்டையில் இருப்பதாலேயே அவர்கள் எனக்காகக் குண்டுவீச்சை வரைந்து தரவேண்டும் என்று நான் எதிர்பார்த்திருக்கிறேன். போர்ட்டபெல்லோ சாலையில் அந்தப் படங்களை வாங்கியவர்களும் ஒருவேளை இப்படித்தான் எதிர்பார்த்துப் போயிருப்பார்கள்.

முகாமிலிருந்து வந்த ஒரு பையனின் தாளில் மட்டும் ஆறு சரியான கோணத்தில் வளைந்து, தொலைவில் போகப் போகக் குறுகியிருந்தது. தண்ணீரில் தென்னையின் நிழலை அலைபட்டு உடைந்ததாக வரைந்திருந்தான். அவனுக்கே முதல் பரிசு தந்தோம். நன்றாக வரைந்திருந்தான்.